மேடை வேண்டாம், மொய் நோட்டுப் போதும்



ஓணம் நெருங்கிவிட்டால் போதும், ரசீதுப் புத்தகங்கள் புறப்பட்டுவிடும். கொழிஞ்சாம்பாறையிலோ சித்தூரிலோ மூணாறு பஜாரிலோ பெட்டிக்கடை வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். காலையில் ஒரு கிளப், மத்தியானம் ஒரு சேவா சமிதி, சாயங்காலம் ஒரு பழைய மாணவர் சங்கம். எல்லோர் கையிலும் ஒரு நோட்டீசு, நோட்டீசில் ஓர் ஏழைக் குழந்தையின் படம். கடைக்காரர் ஐம்பதோ நூறோ கொடுத்துவிட்டு ரசீதை ஆணியில் குத்தி வைப்பார். அந்தப் பணம் யாருக்குப் போயிற்று என்பது அடுத்த ஓணம் வரை அவருக்குத் தெரியாது. அடுத்த ஓணத்திலும் தெரியாது.

வசூலுக்கு வருகிறவர்களெல்லாம் திருடர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலோர் நல்ல எண்ணத்தோடு இறங்குகிறவர்களே. சொந்த வேலையைப் போட்டுவிட்டு வெயிலில் அலைகிறவர்கள் பலரை எனக்கே தெரியும். ஆனால் நல்ல எண்ணம் வேறு, நல்ல முறை வேறு.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நமது சங்கக் கிளைகளில் ஒரு யோசனை உலவுகிறது. மருத்துவ உதவி நிதி திரட்டுவதற்காக ஒரு பெரிய கலை இரவு நடத்த வேண்டுமாம். மெல்லிசைக் குழு, சின்னத்திரை நடிகர் ஒருவர், லக்கி டிரா, இரவு விருந்து. முடிவில் பத்து நோயாளிகளை மேடைக்கு அழைத்து உதவித் தொகை வழங்குதல். மற்ற தர்ம ஸ்தாபனங்களின் கிளைகள் எல்லாம் நடத்துகின்றனவே, நாம் மட்டும் ஏன் கூடாது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: நிதி கட்டாயம் வேண்டும், கலை இரவு வேண்டாம்.

நிதி ஏன் வேண்டும் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியாததல்ல. மூணாறு மலையில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால் அடிமாலி தாலுகா ஆஸ்பத்திரி, அங்கே முடியாது என்றால் கோட்டயம் மெடிக்கல் காலேஜ். கம்பத்திலும் போடியிலும் விடிவதற்கு முன்னால் ஜீப்பில் அடைந்து, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு வந்து பொழுதுசாயத் திரும்புகிற பெண்களுக்குத் தேனி மெடிக்கல் காலேஜ். எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்கு இந்தப் பக்கம் திருச்சூர், அந்தப் பக்கம் கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரி. அரசு ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்துவிடும், டாக்டரும் பார்ப்பார். கூட இருக்கிறவருக்குச் சோறு யார் போடுவது? பஸ் சார்ஜுக்கு என்ன செய்வது? கணவனுக்குத் துணையாகப் பத்து நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்த மனைவிக்குப் பத்து நாள் கூலியும் போயிற்றே, அதை யார் ஈடுகட்டுவது?

கேரளத்தில் காருண்ய ஆரோக்கிய சுரக்ஷா திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ரேஷன் கார்டு மலைக்கு அந்தப் பக்கம், வேலை இந்தப் பக்கம் என்று வாழ்கிற குடும்பம் இரண்டு வாசலிலும் நின்றுவிட்டுத் திரும்புகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு அவசரத்தில் கைக்கு எட்டும்படி இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் வேண்டும். வட்டிக்காரனிடம் போகாமல் இருப்பதற்கு அதுதான் வழி. எனவே நிதியைப் பற்றி இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

இனி கலை இரவுக்கு வருவோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிக்கெட்டும் நன்கொடையுமாக இரண்டு லட்சம் பிரிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிசைக் குழு, மைக் செட், ஜெனரேட்டர், பந்தல், நாற்காலி வாடகை, நடிகருக்குக் காரும் ஓட்டல் அறையும், ஃபிளெக்ஸ், நினைவுப் பரிசு, பொன்னாடை, விருந்து. ஒன்றரை லட்சம் இதிலேயே கரைந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மிச்சம் ஐம்பதாயிரம்; பத்துப் பேருக்கு ஐயாயிரம் வீதம். மறுநாள் கணக்குக் கேட்டால், "நஷ்டமில்லாமல் முடிந்ததே பெரிய விஷயம்" என்பார்கள். நஷ்டமில்லாமல் நடத்த அது சர்க்கஸ் கம்பெனியா?

அந்த ஐயாயிரத்தை வாங்க நோயாளி கொடுக்கும் விலை வேறு. எல்லைப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு சேவை அமைப்பின் கிளை நடத்திய விழாவுக்கு நான் போயிருந்தேன். எந்த அமைப்பு என்பது இங்கே தேவையில்லை. டயாலிசிஸ் செய்துகொள்கிற ஓர் அம்மாவை ஆறு மணிக்கே கொண்டுவந்து முன் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரை எட்டுப் பேர். ஒன்பதரை மணிக்கு அந்த அம்மாவின் பெயரை வாசித்தார்கள். கதவு அகலத்துக்கு ஓர் அட்டைக் காசோலை. அதன் ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை ஏழு பேர் பிடித்தார்கள். போட்டோக்காரர் சரியாக விழவில்லை என்று இன்னொரு தடவை பிடிக்கச் சொன்னார். இறங்கி வந்த அம்மா பணத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "அண்ணே, இந்தப் போட்டோ பேப்பர்ல வருமா? எம் பொண்ணு காலேஜுல படிக்கிறா" என்றுதான் கேட்டார்.

வந்தது. நான்காம் பக்கத்தில், நல்ல தெளிவாக.

பழைய நாளில் இப்படி இல்லையா என்றால், கொஞ்சம் வரலாற்றைப் பார்க்கலாம். 1934 ஜனவரியில் அரிஜன நிதிக்காகக் காந்தி மலையாளக் கரையில் ஊர் ஊராகப் போனார். பாலக்காட்டுக்கும் வந்தார். அவருக்குக் கொடுத்த வரவேற்பு மடல்களையும் பரிசுப் பொருட்களையும் அந்தந்தக் கூட்டத்திலேயே ஏலம் போட்டு நிதியில் சேர்த்தார். வடகரைக் கூட்டத்தில் கௌமுதி என்ற பதினாறு வயதுப் பெண் தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தது பள்ளிக்கூடப் புத்தகம் வரை வந்த செய்தி. காந்தியின் அரசியலில் நமக்கு ஆயிரம் கருத்து வேறுபாடு இருக்கலாம். அம்பேத்கருக்கும் பெரியாருக்கும் இருந்தது. ஆனால் அந்தக் கூட்டங்களில் ஒன்றைக் கவனியுங்கள்: மேடைக்கு வந்தது கொடுக்கிறவர். இன்றைய விழாவில் கொடுக்கிறவர் மேடையில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறார். வாங்குகிறவர்தான் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. நம் கிளைகள் விழா நடத்தியே தீருவது என்றால் பொன்னாடைகளையாவது அங்கேயே ஏலம் விடட்டும், பார்ப்போம்.

லக்கி டிராவைப் பற்றி ஒரு வார்த்தை. கேரளத்தில் லாட்டரி அரசாங்கத்தின் தொழில். 1967-இல் தொடங்கி, 1968 ஜனவரி 26 அன்று முதல் குலுக்கல் நடந்தது. 2011-இல் நோயாளிகளின் பெயரிலேயே காருண்யா லாட்டரி வந்தது. அதன் லாபத்திலிருந்து எத்தனையோ பேருக்கு இருதய ஆபரேஷனும் சிறுநீரகச் சிகிச்சையும் நடந்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் டிக்கெட் வாங்கியவர் யார்? தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரியைத் தடை செய்த பிறகு வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், குமுளி என்று எல்லைச் சாவடிகளை அடுத்து வரிசையாக நிற்கும் டிக்கெட் கடைகளைப் பாருங்கள். மில் தொழிலாளியும் கொத்தனாரும் தேங்காய் உரிக்கிறவரும் அன்றைய கூலியில் பாதியைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஏழையின் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஏழைக்கு மருந்து வாங்கிக் கொடுக்கும் வேலையை அரசாங்கம் செய்கிறது, செய்துவிட்டுப் போகட்டும். சங்கம் அதைச் செய்யக்கூடாது. நம் லயத்துப் பிள்ளைக்கு மிக்சி விழுமா, சைக்கிள் விழுமா என்ற ஆசையைக் காட்டித்தான் அடுத்த வீட்டுக்காரரின் புற்றுநோய்க்கு நாம் பத்து ரூபாய் வாங்க வேண்டுமா? ஆசை காட்டாமலே கொடுக்கிற மக்கள் நம் மக்கள்.

அப்படியானால் எப்படித் திரட்டுவது? இதற்கு நாம் எங்கும் போய்ப் படித்து வர வேண்டியதில்லை. மொய் நமக்குத் தெரியும். கல்யாணம், காதுகுத்து, சடங்கு எதுவானாலும் வாசலில் ஒரு மேசை, ஒரு நோட்டு, ஒரு வெண்கலத் தாம்பாளம், எழுதுகிறவர் ஒருவர், எண்ணுகிறவர் ஒருவர். எந்தத் தோட்டத்து லயத்திலும் இந்த ஏற்பாடு அரை மணி நேரத்தில் தயாராகிவிடும். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம், கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில் இதற்கென்றே ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடத்துகிறார்கள். கல்யாணமும் இல்லை, சடங்கும் இல்லை. பணம் தேவைப்பட்டவர் கிடா வெட்டி விருந்து வைப்பார், வந்தவர்கள் மொய் எழுதுவார்கள், அவரவர் முறை வரும்போது கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். வடகரை, நாதாபுரம் பக்கத்து மலையாளிகளிடம் இதே வழக்கம் பணப்பயற்று என்ற பெயரில் உண்டு. சாயாக்கடையில் பலகாரம் கொடுத்து நோட்டில் எழுதுகிறார்கள். தமிழன் வேறு, மலையாளி வேறு என்று மேடையில் முழங்குகிற இரண்டு பக்கத்துத் தலைவர்களும் இந்த இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை போலும்.

'சின்ன கவுண்டர்' படத்தில் வருகிற மொய் விருந்தை நம்மில் பார்க்காதவர் குறைவு. 1992-இல் வந்த படம். ஊர்த் திருவிழாவில் திரை கட்டிப் போடாத தோட்டம் உண்டா! அதில் சாப்பிட்டவர்கள் பணத்தை இலைக்கு அடியில் வைத்துவிட்டுப் போவார்கள். இதிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. நோட்டில் எழுதும் மொய்யில் யார் எவ்வளவு என்பது ஊருக்கே தெரியும். இலைக்கு அடியில் வைத்தால் யாருக்கும் தெரியாது. முதல் முறையில் கணக்கு இருக்கிறது, கூடவே போட்டியும் இருக்கிறது. அவன் ஆயிரம் எழுதினான், நான் ஐந்நூறு எழுதினால் மானக்கேடு என்று கடன் வாங்கி மொய் செய்து நொந்தவர்கள் எத்தனையோ பேர். கஜா புயலுக்கும் கொரோனாவுக்கும் பிறகு கொடுத்த மொய் திரும்பாமல் கைப்பிசகு ஏற்பட்ட குடும்பங்கள் அந்த வட்டாரத்தில் உண்டு. ஆகவே மொய் என்றால் எல்லாம் புனிதம் என்று நான் கொடி பிடிக்கவில்லை. இரண்டாம் முறையில் மானம் காப்பாற்றப்படுகிறது, கணக்குத்தான் நழுவுகிறது.

இரண்டையும் சேர்த்தால் என்ன? கொடுத்தது இலைக்கு அடியில் இருக்கட்டும். சேர்ந்தது கரும்பலகையில் இருக்கட்டும். தனி ஆள் தொகை இரகசியம், மொத்தத் தொகை பகிரங்கம். பந்தி முடிந்த உடனே, கூட்டம் கலைவதற்கு முன்னால், அங்கேயே எண்ணி, அங்கேயே எழுத வேண்டும்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு உதாரணம். கத்தோலிக்கக் கோயில்களில் வின்சென்ட் தே பவுல் சபைக் கிளைகள் இருக்கின்றன. நம் தோட்டங்களிலும் பலர் அதில் உறுப்பினர். 1833-இல் பாரிஸ் நகரத்தில் மாணவர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய சபை. அவர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு பையைச் சுற்றி அனுப்புவார்கள்; அதற்குப் பெயரே இரகசியப் பை. கை உள்ளே போகும், வெளியே வரும். போட்டானா எடுத்தானா என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. உதவி வேண்டிய குடும்பத்தை மேடைக்குக் கூப்பிடுவதில்லை, வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறார்கள். மதம் அவர்களுடையது, முறையை நாம் எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று அண்மையில் நடந்தது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணோடு போனபோது, திண்டுக்கல்லில் ஓர் உணவகத்தார் நிவாரணத்துக்காக மொய் விருந்து வைத்தார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு, பில் எதுவும் இல்லாமல், இலைக்கு அடியில் தங்களால் முடிந்ததை வைத்துவிட்டுப் போனார்கள். மலையாளத்து மண்சரிவுக்குத் தமிழ்நாட்டு வாழை இலை!

மலையாளிகளிடமிருந்து நாம் கற்க வேண்டியதும் இருக்கிறது. இதைச் சொன்னால் நம்மில் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் வலி நிவாரணச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். குணமாகாத நோயோடு வீட்டில் கிடப்பவர்களைத் தேடிப் போய்ப் பார்க்கும் சங்கம். அதிலிருந்து ஊருக்கு ஊர் பாலியேட்டிவ் கிளைகள் முளைத்தன. 2008-இல் கேரள அரசே அதைக் கொள்கையாக ஏற்றது. ஜனவரி 15 அந்த இயக்கத்தின் நாள். கடை மேசையில் ஒரு பெட்டி, மாதம் பத்து இருபது ரூபாய் தருகிற வீடுகள், வாரம் இரண்டு மணி நேரம் தருகிற தொண்டர்கள். பெரும்பாலான கிளைகளின் மூலதனம் இவ்வளவுதான். நடிகர் யாரும் வருவதில்லை. அதேபோல் டி.ஒய்.எஃப்.ஐ. தோழர்கள் 2017-இல் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் தொடங்கிய பொதிச்சோறு. ஆஸ்பத்திரியில் கிடப்பவருக்கும் கூட இருப்பவருக்கும் வீடுகளிலிருந்து வாழை இலையில் கட்டிய சோறு தினமும் போகிறது. தங்கள் வீட்டுக்குச் சமைக்கும்போது ஒன்றிரண்டு பொதி கூடுதலாகக் கட்டுகிறார்கள், அவ்வளவே. அதே அமைப்பு 2020-இல் வீடு வீடாகப் பழைய பேப்பரும் இரும்பும் சேர்த்து விற்று ஏறத்தாழ 11 கோடி ரூபாயை முதலமைச்சரின் நிவாரண நிதிக்குக் கொடுத்தது. அவர்கள் கட்சியோடு நமக்கு எத்தனை தகராறு இருந்தாலும், இந்தக் கணக்கில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நம் ஆட்கள் எத்தனை பேர் கோட்டயத்தில் ஆஸ்பத்திரிப் பந்தியில் மலையாளி வீட்டுச் சோறு சாப்பிட்டிருக்கிறார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பந்தி என்றதும் இன்னொன்று. நாம் விருந்து வைத்தால் ஒரே பந்திதான். முதலில் இன்னார், பிறகு இன்னார் என்பது கிடையாது. இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே வெட்கம். 2017-இல் முதலமடைப் பஞ்சாயத்து கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் பட்டியல் சாதிக் குடும்பங்கள் தீண்டாமைக்கு ஆளாவதாக எழுந்த புகார் கேரளம் முழுக்கப் பேசப்பட்டது. இரு தரப்பிலும் இருந்தவர்கள் நம் எல்லைப் பக்கத்து ஆட்களே. சமையல்காரர் யார், பரிமாறுகிறவர் யார் என்று பார்த்து இலையை மடக்குகிறவர் எவ்வளவு பெரிய தொகை வைத்தாலும் அந்தப் பணம் நமக்கு வேண்டாம்.

கணக்கு எப்படி வைப்பது? ரயில்வே புக்கிங் ஆபீசில் ஒரு வழக்கம் இருக்கிறது. கவுன்டரில் உட்காருவதற்கு முன்னால், தன் பையில் சொந்தப் பணம் எவ்வளவு இருக்கிறது என்று கிளார்க் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். டியூட்டி நடுவில் விஜிலன்ஸ்காரர்கள் வந்து பையைச் சோதித்தால், எழுதியதற்கு மேல் ஒரு பத்து ரூபாய் இருந்தாலும் விளக்கம் கேட்பார்கள். முதல் முறை வேலைக்கு வருகிறவருக்கு இது அவமானமாகத் தோன்றும். ஒரு மாதம் கழித்து இதுதான் பாதுகாப்பு என்று தெரிந்துவிடும். ஏனென்றால் எழுதி வைத்தவனைச் சந்தேகிக்க முடியாது. பக்கெட் தூக்கி வசூலுக்குப் போகிற நம் தோழர்களும் புறப்படும் முன் சட்டைப் பையில் இருப்பதை ஒரு நோட்டில் எழுதிவிட்டுப் போகட்டும். ஷிப்டு முடிந்ததும் கணக்கு முடிப்பதுபோல, வசூல் முடிந்த அன்றே கணக்கு முடிய வேண்டும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போன பணத்தில்தான் சங்கங்கள் உடைந்திருக்கின்றன. கொள்கைத் தகராறு என்று நாம் வெளியே சொல்லிக்கொள்கிற பல தகராறுகளின் அடியைத் தோண்டினால் ஒரு ரசீதுப் புத்தகம் கிடைக்கும்.

நோட்டைப் பெண்களிடம் கொடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீயில் நம் பெண்கள் வாரா வாரம் அயல்கூட்டத்தில் உட்கார்ந்து சேமிப்பும் கடனும் எழுதிப் பழகியவர்கள். யார் கட்டினார், யார் பாக்கி என்று பாஸ்புத்தகத்தைப் பார்க்காமலே சொல்லக்கூடியவர்கள். உதவி யாருக்கு உடனே வேண்டும் என்பதும் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். தண்ணீர்க் குழாயடியில் தெரியாத கஷ்டம் சங்க ஆபீசில் தெரியப் போகிறதா? நம் கிளை நிர்வாகிகள் பட்டியலை எடுத்துப் பார்த்தால் பொருளாளர் எல்லாம் ஆண்களாகவே இருக்கிறார்கள். ஏன் என்று யாராவது எனக்கு எழுதினால் இந்தப் பத்திரிகையிலேயே வெளியிடலாம்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான ஓர் எச்சரிக்கை. உதவி நிதி என்பது உரிமைக்குப் பதில் அல்ல. குளிர் காலத்தில் மலைக்குக் காரில் வந்து தொழிலாளர்களை வரிசையில் நிற்க வைத்துக் கம்பளி கொடுக்கும் அமைப்புகளை நாம் பார்க்கிறோம். கொடுக்கட்டும். ஆனால் 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: வீடு, ஆஸ்பத்திரி, குடிதண்ணீர், பிள்ளைமடுவம், பள்ளிக்கூடம் மட்டுமல்ல, மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழைக்கோட்டு ஆகியவற்றை முதலாளி கொடுக்கும்படி செய்யவும் அந்தச் சட்டத்தில் வழி இருந்தது. சட்டத்தில் எழுதிய கம்பளியைத் தர்மமாகக் கொடுத்தால் வாங்குகிறவன் கும்பிட்டுத்தான் வாங்குவான். அந்தச் சட்டத்தை 2020-இல் இயற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் முதலாளியே பொறுப்பு என்பது அதிலும் இருக்கிறது. இலவச மருத்துவ முகாம் நடத்த வருகிறவர்களை நாம் வரவேற்போம். வரவேற்றுவிட்டு, தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் ஏன் இல்லை என்ற மனுவையும் மறுநாள் கொடுப்போம்.

பெட்டிமுடியை மறந்துவிட முடியுமா? 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து நயமக்காடு எஸ்டேட்டின் லயங்களை மூடியது. எழுபது பேர், அவர்களில் நான்கு பேரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. நாடு முழுவதும் இருந்து அரிசியும் துணியும் வந்தன. கொடுத்த கைகளை மறக்கக்கூடாது. ஆனால் மறுநாள் கரிப்பூரில் விமானம் நொறுங்கி இறந்தவர்களின் குடும்பங்களுக்கு மாநில அரசு 10 லட்சம் அறிவித்தது. பெட்டிமுடிக்கு 5 லட்சம். இரண்டும் துயரம், இரண்டும் உயிர். இந்த 5 லட்சத்தின் வித்தியாசத்தை எந்தக் கலை இரவு நடத்தி நிரப்புவது? எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியார்வாலியில் வீடு வந்தது, நல்லது. தலைமுறை தலைமுறையாகக் கொளுந்து பறித்து, ஓய்வு பெற்ற மறுநாள் லயத்தைக் காலி செய்ய வேண்டிய மற்றவர்களுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லையே, அதற்கு வசூலா நடத்துவது?

2015 செப்டம்பரில் மூணாறு ரோட்டில் உட்கார்ந்த பெண்கள் யாரிடமும் நன்கொடை கேட்கவில்லை. இருபது சதவீத போனசையும் உயர்ந்த கூலியையும் கேட்டார்கள். அன்று நாள் கூலி 232 ரூபாய். அந்தப் போராட்டத்துக்குப் பின் அது 301 ஆயிற்று. கேட்ட 500 கிடைக்கவில்லை. இருந்தாலும் ஒரு நாளைக்கு 69 ரூபாய் என்றால், மாதத்துக்கு இருபத்தைந்து நாள் பெரட்டு என்று வைத்தால் 1,725 ரூபாய். வருஷத்துக்கு இருபதாயிரத்துக்கு மேல், ஒவ்வொரு வீட்டுக்கும். எந்தத் தர்ம ஸ்தாபனத்தின் எந்தக் கிளையும் எந்த விழாவிலும் இவ்வளவு கொடுத்ததில்லை. இதைச் சொல்வது தர்மத்தை இகழ அல்ல. நிதிக்குச் செலவிடும் நேரம் எவ்வளவு, கோரிக்கைக்குச் செலவிடும் நேரம் எவ்வளவு என்று ஒவ்வொரு கிளையும் தன் மினிட் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக.

ஆகவே என் யோசனை இதுதான். சம்பளம் போட்ட மறு ஞாயிறு, தோட்டத்திலோ ஊரிலோ கிளை ஒரு மத்தியானச் சாப்பாடு வைக்கட்டும். கிடா வேண்டாம், சோறு, சாம்பார், ஒரு கூட்டு, ஒரு பாயசம் போதும். அரிசியும் காயும் வீடுகளிலிருந்து பிடி பிடியாக வரட்டும்; அப்போது செலவு என்று எழுத விறகும் இலையும்தான் இருக்கும். பக்கத்து வீட்டு மலையாளிகளையும் கூப்பிடுங்கள். வடக்கே இருந்து வந்து லயங்களில் புதிதாகக் குடியேறியிருக்கும் ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்களையும் கூப்பிடுங்கள். நம் தாத்தா இந்த மலை ஏறியபோது இருந்த நிலையில்தான் அவர்கள் இன்று இருக்கிறார்கள். பேச்சாளர் வேண்டாம். பாட வருகிற பிள்ளைகள் பாடட்டும், அதற்கு மெல்லிசைக் குழு எதற்கு? யாருக்கு உதவி போயிற்று என்பது மூன்று பேர் கொண்ட குழுவுக்கு மட்டும் தெரிந்தால் போதும். எத்தனை குடும்பத்துக்கு, மொத்தம் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்பது மாதா மாதம் சங்கப் பலகையில் இருக்க வேண்டும். மூன்று பேரில் இரண்டு பேர் பெண்கள். வருஷத்துக்கு ஒருமுறை வேறு கிளைக்காரர் வந்து நோட்டைச் சரிபார்க்க வேண்டும். பாலக்காட்டுக் கணக்கை இடுக்கிக்காரரும், இடுக்கிக் கணக்கைப் பாலக்காட்டுக்காரரும் பார்த்தால் முகதாட்சண்யம் குறையும்.

கலை இரவை விட்டுக்கொடுக்க மனமில்லாத இளைஞர்கள் தனியாக ஒரு கலை விழா நடத்தட்டும். டிக்கெட் வாங்கிப் பார்க்க நானும் வருவேன். அதில் நோயாளிகளின் பெயரை மட்டும் இழுக்க வேண்டாம்.

கிளைகள் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, ஒப்புதல் என்றால் மொய் நோட்டை யார் எழுதுவது, முதல் பந்தி எந்த ஞாயிறு என்பதைத் தலைமை ஆபீசுக்கு எழுதி அனுப்பவும். மறுப்பு இருந்தாலும் எழுதுங்கள்.